ஊஞ்சல் ஆடும் கடல்

ஐப்பசி மாதம். காரைக்காலுக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் கிராமம். மாலை நேரம்.

அப்பா டீக்கடையில் இருந்து வீட்டுக்கு வந்தார். முகத்தில் மகிழ்ச்சி.

"நாளன்னிக்கு டீசல் போட்டு ஐஸ் ஏத்தறோம். பத்து நாள் தங்குகடல்" என்றார்.

அம்மா வலைக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"இப்பவாங்க? இது புயல் மாசமாச்சே."

"இந்த வருஷம் பயம் இல்ல. இது எல் நினோ வருஷமாம். டீக்கடையில பேசிக்கிட்டாங்க. எல் நினோ வந்தா வங்கக் கடல்ல புயலே வராதாம்."

அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. படகுக்கு வாங்கிய கடன் இருக்கிறது. தவணை கட்ட வேண்டும். அதுவும் அவருக்குத் தெரியும். ஆனால் படகில் போவது ஆறு பேர். ஆறு குடும்பம்.

அம்மா இரண்டு ஆண்டுகளாக மாலையில் படிப்பு மையத்துக்குப் போகிறார். முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தார். இப்போது செய்தித்தாள் படிக்கிறார். புரியாததைக் கேட்கவும் பழகிவிட்டார்.

"எல் நினோன்னா என்னங்க?" என்று கேட்டார்.

அப்பா தலையைச் சொறிந்தார். "அது ஏதோ கடல் சமாச்சாரம்."

கல்லூரியில் படிக்கும் மகள் புத்தகத்தை மூடினாள். "அப்பா, நீங்க கேட்டுட்டு வந்தது பாதி சரி, பாதி தப்பு. அந்தப் பாதி தப்புலதான் ஆபத்து இருக்கு" என்றாள்.

அன்று இரவு அந்த வீட்டில் பேசிய விஷயம் இதுதான். நாமும் தெரிந்துகொள்வோம்.

புயலுக்கு என்ன வேண்டும்?

சோறு ஆக்க அரிசி வேண்டும். தண்ணீர் வேண்டும். நெருப்பு வேண்டும். ஒன்று குறைந்தாலும் சோறு ஆகாது. புயலும் அப்படித்தான். புயல் பிறக்க நான்கு பொருள்கள் வேண்டும்.

முதல் பொருள், சூடான கடல் நீர். கடலின் மேல் நீர் சுமார் 26.5 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். மேலாக மட்டும் சூடு இருந்தால் போதாது. கொஞ்சம் ஆழத்துக்கும் சூடு இருக்க வேண்டும். இந்தச் சூடுதான் புயலுக்கு நெருப்பு.

இரண்டாவது, ஈரமான காற்று. கடல் நீர் ஆவியாகி மேலே போகிறது. மேகம் ஆகிறது. அப்போது வெப்பம் வெளிப்படுகிறது. அந்த வெப்பம் புயலுக்குப் பலம் தருகிறது.

மூன்றாவது, சுழற்சி. பூமி சுற்றுகிறது. அதனால் காற்றும் வளைந்து சுழல்கிறது. பூமியின் நடுக்கோட்டின் மேல் இந்தச் சுழற்சி கிடையாது. அதனால் அங்கே புயல் உருவாவது மிக அரிது.

நான்காவது, ஒத்துப்போகும் காற்று. காற்று இல்லாத நாளில் அடுப்புப் புகையைப் பாருங்கள். நேராக மேலே போகும். காற்று வீசும் நாளில் புகை கலைந்து போகும். புயலும் உயரமான மேகத் தூண் போன்றது. கீழே ஒரு பக்கம், மேலே வேறு பக்கம் என்று காற்று பலமாக இழுத்தால் அந்தத் தூண் சாய்ந்துவிடும். புயல் வளராது.

ஆடி, ஆவணியில் வங்கக் கடலில் கடும் புயல் ஏன் குறைவு? அப்போது கீழே மேற்குக் காற்று பலமாக வீசுகிறது. மிக உயரத்தில் கிழக்குக் காற்று வீசுகிறது. தூண் நிற்க முடிவதில்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் இந்த இழுபறி குறைகிறது. அவைதான் நம் புயல் காலங்கள்.

இந்த நான்கு பொருள்களும் எல்லா ஆண்டும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. ஒரு வருடம் கூடும். ஒரு வருடம் குறையும். இதற்குக் காரணம் சில பெரிய ஊஞ்சல்கள். கடலும் காற்றும் சேர்ந்து ஆடும் ஊஞ்சல்கள்.

முதல் ஊஞ்சல்: எல் நினோ, லா நினா

இந்த ஊஞ்சல் ஆடுவது நம் கடலில் இல்லை. பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் பெருங்கடலில்.

பசிபிக் கடலின் ஒரு கரையில் இந்தோனேசியா இருக்கிறது. மறு கரையில் தென் அமெரிக்காவின் பெரு நாடு இருக்கிறது. அங்கே வழக்கமாகக் காற்று கிழக்கில் இருந்து மேற்காக வீசும். சூடான நீரை இந்தோனேசியா பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். பெரு கரையில் அடியில் இருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். குளிர்ந்த நீரில் மீனுக்கு இரை அதிகம். அதனால் அங்கே மீன் வளம் அதிகம்.

சில ஆண்டுகளில் அந்தக் காற்று தளர்ந்துவிடும். சூடான நீர் திரும்பிப் பெரு பக்கம் நகரும். மீன் குறைந்துவிடும். இதை முதலில் கவனித்தவர்கள் யார் தெரியுமா? பெரு நாட்டு மீனவர்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் சூடான நீர் வருவதைப் பார்த்தார்கள். அதற்கு 'எல் நினோ' என்று பெயர் வைத்தார்கள். ஸ்பானிய மொழியில் அது குழந்தை ஏசுவைக் குறிக்கும்.

சில ஆண்டுகளில் இதற்கு எதிராக நடக்கும். காற்று வழக்கத்தைவிடப் பலமாக வீசும். சூடான நீர் இந்தோனேசியா பக்கம் மேலும் குவியும். அதற்கு 'லா நினா' என்று பெயர்.

எல் நினோ சுமார் 2 முதல் 7 ஆண்டுகளுக்கு ஒரு முறை வருகிறது. வந்தால் பல மாதங்கள் இருக்கும். இரண்டும் இல்லாத ஆண்டுகளும் உண்டு.

இந்த ஊஞ்சலைப் பற்றிய ஆராய்ச்சியில் இந்தியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1899இல் நம் நாட்டில் பருவ மழை பொய்த்தது. கடும் பஞ்சம் வந்தது. மழை பொய்ப்பதை முன்பே அறிய முடியுமா என்று அரசு கேட்டது. கில்பர்ட் வாக்கர் என்ற ஆங்கிலேயர் 1904இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்தார். அவர் கணித அறிஞர். 1924 வரை இங்கே இருந்தார். உலகத்தின் பல ஊர்களின் காற்றழுத்தக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தார். ஓர் உண்மை தெரிந்தது. பசிபிக் கடல் பக்கம் காற்றழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது. அங்கே இறங்கும்போது இங்கே ஏறுகிறது. கிணற்று ஏற்றம் போல! இதற்கு அவர் 'தெற்கு ஊசலாட்டம்' என்று பெயர் வைத்தார். கடலில் நடக்கும் எல் நினோவும் காற்றில் நடக்கும் இந்த ஊசலாட்டமும் ஒரே ஊஞ்சலின் இரண்டு பக்கங்கள் என்பது பிறகு தெரிந்தது.

நம் வங்கக் கடலுக்கு இதனால் என்ன? லா நினா ஆண்டில் இந்தோனேசியா பக்கம் ஈரக் காற்று அதிகமாக மேலே எழுகிறது. அது வங்கக் கடலுக்கு அண்டை வீடு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயலுக்கு வேண்டிய பொருள்கள் கூடுகின்றன. புயல்கள் கிழக்கே, அந்தமான் பக்கம் அதிகமாகப் பிறக்கின்றன. அங்கிருந்து நம் கரைக்கு வர நீண்ட தூரம். வரும் வழியெல்லாம் சூடான கடல். அதனால் பலம் பெற்று வருகின்றன. எல் நினோ ஆண்டில் பொதுவாக இந்த வாய்ப்பு குறைகிறது.

"டீக்கடையில சொன்னது இதுதான். இதுதான் சரியான பாதி" என்றாள் மகள்.

இரண்டாவது ஊஞ்சல்: நம் பெருங்கடலில்

நம் இந்தியப் பெருங்கடலிலும் ஓர் ஊஞ்சல் உண்டு. ஒரு முனை ஆப்பிரிக்கா பக்கம். மறு முனை சுமத்ரா தீவுப் பக்கம். சில ஆண்டுகளில் ஆப்பிரிக்கா பக்கம் கடல் அதிகம் சூடாகிறது. சுமத்ரா பக்கம் குளிர்கிறது. சில ஆண்டுகளில் இது மாறி நடக்கிறது. இந்திய, ஜப்பானிய விஞ்ஞானிகள் சேர்ந்து 1999இல் இதை உலகுக்கு விளக்கினார்கள். இதற்கு 'இந்தியப் பெருங்கடல் இருமுனை' என்று பெயர்.

2019இல் இந்த ஊஞ்சல் ஆப்பிரிக்கா பக்கம் மிக பலமாகச் சாய்ந்தது. மேற்குக் கடல் சூடானது. அரபிக் கடலில் வழக்கமாக ஆண்டுக்கு ஒரு புயல்தான் வரும். அந்த ஆண்டு 5 புயல்கள் வந்தன. வாயு, ஹிக்கா, கியார், மஹா, பவன் என்பவை அவை. அக்டோபர் முடிவில் கியார், மஹா இரண்டும் ஒரே சமயத்தில் அரபிக் கடலில் இருந்தன. குஜராத், மகாராஷ்டிரம், கோவா, கர்நாடகம், கேரளம் ஆகிய மாநிலங்களின் மீனவர்கள் பல நாட்கள் கடலுக்குப் போக முடியவில்லை.

ஊஞ்சல் ஒரு பக்கம் சாய்ந்தால் ஆபத்து மறைந்துவிடுவதில்லை. இடம் மாறுகிறது. இதை மறக்கக் கூடாது.

மூன்றாவது: ஊர்வலம் போகும் மேகம்

முதல் இரண்டு ஊஞ்சல்களும் மெதுவானவை. பல மாதங்கள் நீடிப்பவை. மூன்றாவது வேகமானது.

1971இல் அமெரிக்க விஞ்ஞானிகள் மேடன், ஜூலியன் இருவரும் இதைக் கண்டுபிடித்தார்கள். அதனால் இதற்கு 'மேடன் ஜூலியன் அலைவு' என்று பெயர்.

திருவிழாவில் சாமி ஊர்வலம் பார்த்திருப்பீர்கள். சாமி வரும் தெருவில் கூட்டம், மேளம், வெளிச்சம். சாமி போன பிறகு அந்தத் தெரு அமைதியாகிவிடும். அடுத்த தெருவில் கூட்டம் சேரும். இந்த அலைவும் அப்படித்தான். மேகக் கூட்டமும் மழையும் ஊர்வலம் போல இந்தியப் பெருங்கடலில் கிளம்புகின்றன. கிழக்கு நோக்கிப் போகின்றன. வேகம் மணிக்கு சுமார் 18 கிலோமீட்டர். ஏறக்குறைய சைக்கிள் வேகம். வங்கக் கடலைத் தாண்டி, இந்தோனேசியாவைத் தாண்டி, பசிபிக் கடலுக்குப் போகின்றன. ஒரு சுற்று முடிய 30 முதல் 60 நாட்கள் ஆகும்.

ஊர்வலம் நம் கடல் பக்கம் இருக்கும்போது காற்றில் ஈரம் கூடுகிறது. சுழற்சி கூடுகிறது. புயல் பிறக்கும் வாய்ப்பும் கூடுகிறது. ஊர்வலம் போன பிறகு பின்னால் வறண்ட காற்று வருகிறது. வாய்ப்பு குறைகிறது.

எல் நினோ, லா நினா இந்தப் பருவம் எப்படி இருக்கும் என்பதைக் காட்டும். இந்த ஊர்வலம் அடுத்த இரண்டு வாரம் எப்படி இருக்கும் என்பதைக் காட்டும். மீனவருக்கு அதிகம் உதவுவது எது? இரண்டு வாரக் கணக்குதான். ஏனென்றால் எல் நினோ ஆண்டிலும் இந்த ஊர்வலம் வரும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஓர் அறிக்கை தருகிறது. அடுத்த இரண்டு வாரங்களில் வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் புயல் உருவாக எவ்வளவு வாய்ப்பு என்று அதில் சொல்கிறது. மேக ஊர்வலம் எங்கே இருக்கிறது என்பதையும் அதில் பார்க்கலாம்.

வாய்ப்பு வேறு, வாக்குறுதி வேறு

இப்போது தவறான பாதிக்கு வருவோம். எல் நினோ ஆண்டில் புயல் குறையலாம். வராது என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

2023 எல் நினோ ஆண்டு. அந்த ஆண்டில் வங்கக் கடல், அரபிக் கடல் இரண்டிலும் சேர்த்து 6 புயல்கள் வந்தன. அவற்றில் ஒன்று மிக்ஜாம். டிசம்பர் 5 அன்று ஆந்திரத்தில் பாபட்லா அருகே கரை கடந்தது. கரை கடக்கும் முன்பே சென்னையை வெள்ளத்தில் மூழ்க வைத்தது.

2015உம் எல் நினோ ஆண்டு. மிகப் பலமான எல் நினோ. அந்த டிசம்பரில் சென்னையில் பெரும் வெள்ளம் வந்தது. அதைக் கொண்டுவந்தது புயல் அல்ல. வெறும் காற்றழுத்தத் தாழ்வுதான். எல் நினோ ஆண்டில் வடகிழக்குப் பருவ மழை பொதுவாகக் கூடுகிறது. புயல் இல்லை என்றால் வெள்ளம் இல்லை என்று நினைப்பதும் தவறு.

ஊஞ்சல்கள் புயலை உண்டாக்குவதில்லை. புயலுக்கு வேண்டிய பொருள்களைக் கூட்டுகின்றன, குறைக்கின்றன. அவ்வளவுதான்.

ஒடிசா சொல்லும் பாடம்

1999 லா நினா ஆண்டு. அந்த அக்டோபரில் அந்தமான் கடல் பக்கம் ஒரு தாழ்வு மண்டலம் உருவானது. மேற்கு நோக்கி நகர்ந்தது. சூடான கடல் அதற்குப் பலம் கொடுத்தது. அக்டோபர் 29 அன்று ஒடிசாவில் பாரதீப் அருகே கரை ஏறியது. காற்றின் வேகம் மணிக்கு சுமார் 260 கிலோமீட்டர். கடல் பனை உயரத்துக்கு எழவில்லை. ஆனால் வீட்டுக் கூரையை மூடும் அளவுக்கு எழுந்தது. கிராமங்களுக்குள் புகுந்தது. சுமார் 10 ஆயிரம் பேர் இறந்தார்கள். ஜகத்சிங்பூர் மாவட்டம்தான் அதிகம் இழந்தது.

2013 எல் நினோ ஆண்டும் இல்லை, லா நினா ஆண்டும் இல்லை. ஊஞ்சல் நடுவில் நின்றது. ஆனாலும் அக்டோபர் 12 அன்று பைலின் என்ற கடும் புயல் ஒடிசாவில் கோபால்பூர் அருகே கரை கடந்தது. வேகம் மணிக்கு சுமார் 215 கிலோமீட்டர். இந்த முறை என்ன நடந்தது? புயல் வருவதற்கு முன்பே சுமார் 10 லட்சம் பேர் பாதுகாப்பான இடங்களுக்குப் போனார்கள். வீடுகள் விழுந்தன. பயிர் அழிந்தது. ஆனால் இறந்தவர்கள் சில பத்துப் பேர்தான்.

1999இல் 10 ஆயிரம் உயிர். 2013இல் சில பத்து உயிர். இடையில் என்ன மாறியது? கடல் மாறவில்லை. மக்கள் மாறினார்கள். 1999க்குப் பிறகு ஒடிசாவில் பேரிடரைச் சமாளிக்கத் தனி அமைப்பு வந்தது. கரையோரம் புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் எழுந்தன. ஊர் ஊராகத் தொண்டர்கள் பயிற்சி பெற்றார்கள். எச்சரிக்கை முன்கூட்டியே வந்தது. மக்கள் அதை நம்பிக் கிளம்பினார்கள்.

அந்த வீட்டில் என்ன முடிவு?

மறுநாள் வியாழக்கிழமை. மாலையில் மகள் செல்பேசியில் வானிலை அறிக்கையைப் பார்த்தாள். மேக ஊர்வலம் வங்கக் கடலை நெருங்குகிறது. அடுத்த வாரம் புயல் உருவாக நடுத்தர வாய்ப்பு.

"நடுத்தரம்னா வரலாம், வராமலும் போகலாம்தானே?" என்றார் அப்பா.

"ஆமாப்பா. ஆனா நீங்க பத்து நாள் கடல்ல இருப்பீங்க."

அப்பா பதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை மீன் இறங்குதளத்துக்குப் போனார். அம்மாவும் கூடப் போனார். அங்கே அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பலர் அதைக் கடந்து போனார்கள். அம்மா நின்று படித்தார். விரல் வைத்து, வரி வரியாக, சத்தமாகப் படித்தார்.

"தென்கிழக்கு வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை உருவாக வாய்ப்பு உள்ளது. மீனவர்கள் ஆழ்கடலுக்குச் செல்ல வேண்டாம். கடலில் உள்ளவர்கள் கரை திரும்பவும்."

சுற்றி நின்றவர்கள் கேட்டார்கள். "இன்னொரு தடவ படிங்கக்கா" என்றார் ஒருவர். அம்மா மீண்டும் படித்தார்.

அப்பா ஐஸ் கடைக்குப் போகவில்லை. படகை இழுத்துக் கட்டினார்.

ஐந்தாம் நாள் தாழ்வு நிலை பலம் பெற்றது. ஏழாம் நாள் புயல் ஆனது. அந்தக் கிராமத்துக்கு வரவில்லை. வடக்கே திரும்பி ஆந்திரக் கரைக்குப் போனது. கிராமத்தில் காற்றும் மழையும் மட்டும்தான்.

"இங்க வரலியே. பத்து நாள் வருமானம் போச்சு" என்றார் அப்பா.

"கரைக்கு வரலீங்க. நீங்க போக இருந்த கடல் வழியாத்தான் போயிருக்கு" என்றார் அம்மா. "போன வருமானத்தக் கணக்குப் போடலாம். அடுத்த மாசம் சம்பாதிக்கலாம்."

அப்பா சிறிது நேரம் கடலையே பார்த்தார். பிறகு சொன்னார். "அடுத்த வியாழக்கிழமையும் பாத்துச் சொல்லுங்க."

நினைவில் வைப்போம்

1. லா நினா ஆண்டில் வங்கக் கடலில் கடும் புயல் வாய்ப்பு கூடும். எல் நினோ ஆண்டில் குறையலாம். வராது என்று சொல்ல முடியாது.

2. புயல் காலத்தில் வியாழக்கிழமை அறிக்கையைக் கேட்போம். தினமும் வானிலைச் செய்தி கேட்போம்.

3. துறைமுகத்தில் எந்த எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறது என்று பார்ப்போம்.

4. 'கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்றால் செல்ல மாட்டோம். 'வெளியேறுங்கள்' என்றால் உடனே வெளியேறுவோம்.

5. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணை அழைப்போம்.

சேர்ந்து பேசுவோம்

1. புயல் பிறக்க வேண்டிய நான்கு பொருள்கள் யாவை?

2. எல் நினோவுக்குப் பெயர் வைத்தவர்கள் யார்?

3. 1999க்கும் 2013க்கும் ஒடிசாவில் என்ன வேறுபாடு? ஏன்?

4. உங்கள் ஊரில் எச்சரிக்கைத் தாள் எங்கே ஒட்டப்படுகிறது? அதைப் படித்துச் சொல்வது யார்? நீங்கள் படித்துச் சொல்லலாமே!